திருகோணமலையில் ஒரு ரீலோட் கடையும் நிமிடத்தின் விலையும்

திருகோணமலை பேருந்து நிலையத்திலிருந்து கடைத்தெருப் பக்கம் நடந்தால் ரீலோட், அதாவது கைத்தொலைபேசிக்கு முற்பணம் ஏற்றும் சேவை, என்ற பதாகை தொங்காத கடையைக் காண்பது அரிது. பலசரக்குக் கடையிலும் ரீலோட் போடலாம், மருந்துக் கடையிலும் போடலாம். அப்படியிருக்க ஒரு சிறிய தொலைபேசிக் கடையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், அங்கே ரீலோட்டுடன் உண்மையான தகவலும் கிடைக்கிறது என்பதுதான். எந்த நாட்டுக்கு எந்த வழியில் அழைத்தால் எவ்வளவு செல்லும், எந்தப் பொதி (நிமிடங்களோ டேட்டாவோ அடங்கிய கட்டணத் திட்டம்) யாருக்கு வீண், எந்த நாட்டில் எந்தச் செயலி வேலை செய்யாது என்பவற்றையெல்லாம் கேட்டவருக்குப் பொறுமையாக விளக்கும் கடை, நான் அறிந்தவரையில், இந்த நகரில் அது ஒன்றே. உரிமையாளர் தம் பெயரோ கடையின் பெயரோ இணையத்தில் வருவதை விரும்பவில்லை. தேடிச் செல்பவர்கள், வாசலை ஒட்டி நிற்கும் பழைய கண்ணாடிக் கூண்டை அடையாளமாகக் கொள்ளலாம்.

அந்தக் கூண்டு, ஐ.டி.டி. எனப்பட்ட வெளிநாட்டு நேரடி அழைப்புக்காக மக்கள் வரிசையில் நின்ற காலத்து எச்சம். உள்ளே இருந்த முக்காலி போய்விட்டது. இப்போது சார்ஜர் பெட்டிகளும் கைத்தொலைபேசி உறைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. நிமிடத்தையும் தொகையையும் சிவப்பு இலக்கங்களில் காட்டிய கருவி மட்டும் மேற்சட்டத்தில் திருகாணியோடு அப்படியே இருக்கிறது. கடைக்குள் இடப்பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. நாடுகளின் பெயர்கள் அழியாத கறுப்பு மையில், கட்டணங்கள் அழிக்கக்கூடிய நீல மையில். நிலையான தொலைபேசிக்கு ஒரு நிரல், கைத்தொலைபேசிக்கு இன்னொரு நிரல். பலமுறை துணியால் துடைத்தும் முழுதாகப் போகாத பழைய இலக்கங்கள், புதியவற்றின் பின்னால் மங்கலாகத் தெரிகின்றன. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியோடு கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, இணையச் சேவை ஆகியவற்றின் கட்டணங்கள் எல்லாம் ஒரே நாளில் 20 சதவீதம் உயர்ந்தபோது, பலகை முழுவதையும் ஒரே இரவில் மாற்றியெழுத வேண்டியிருந்தது என்று உரிமையாளர் சொன்னார்.

இந்தப் பலகையை நின்று வாசிப்பவருக்கு முதலில் ஒரு கேள்வி எழும். ரொறன்ரோ பூமிப்பந்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. டுபாய் சில மணி நேர விமானப் பயணத்தில் இருக்கிறது. ஆனால் கனடாவுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் கட்டணம் மிகச் சிறியது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிரே இருப்பது அதைப் போலப் பல மடங்கு. பிரான்சின் நிலையான தொலைபேசிக்கு ஒரு விலை, அதே நாட்டின் கைத்தொலைபேசிக்கு வேறு விலை. தூரத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லாத இந்தப் பட்டியலுக்குக் காரணம் கேட்டால், பெரும்பாலான கடைகளில் "கொம்பனி ரேட், எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலோடு முடிந்துவிடும். இங்கே அப்படி முடியவில்லை. "கடலுக்கால குரல் போறதுக்குச் செலவு கொஞ்சந்தான் அண்ணா. அங்கால போனத் தூக்கிக் குடுக்கிறவன் கேக்கிற கூலிதான் கூட," என்றார் உரிமையாளர். தொலைத்தொடர்பு விலை நிர்ணயத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் இதைவிடத் தெளிவான ஒரு வரி இல்லை.

அவர் கூலி என்று குறிப்பிட்டது, அழைப்பைப் பெறும் நிறுவனம், அழைப்பை அனுப்பும் நிறுவனத்திடமிருந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் முடிப்புக் கட்டணத்தை. ஒருவருடைய எண்ணுக்கு அழைப்பைச் சேர்ப்பிக்க அவருடைய நிறுவனத்தால் மட்டுமே முடியும் என்பதால், அந்த இடத்தில் எப்போதும் ஒரே விற்பனையாளர்தான் இருக்கிறார். போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த ஒரு கண்ணியை அது தொடாது. அரசின் ஒழுங்குபடுத்துநர் தலையிட்டால்தான் விலை இறங்கும். ஆகவே எந்த நாட்டில் ஒழுங்குபடுத்துநரிடம் யாருடைய குரல் எடுபட்டது என்பதன் விளைவுதான், நம்முடைய ஊர்க் கடையில் நீல மையில் எழுதப்பட்டிருக்கும் எண்.

பிரித்தானியாவின் கதை இதற்கு நல்ல சான்று. அங்கே பெரிய கைத்தொலைபேசி நிறுவனங்கள் இந்த முடிப்புக் கட்டணத்தால் நெடுங்காலம் நல்ல வருமானம் பெற்றுவந்தன. வாடிக்கையாளர் குறைவாக இருந்த த்ரீ நிறுவனத்துக்கு நிலைமை தலைகீழ். தன் வாடிக்கையாளர்கள் மற்ற வலையமைப்புகளுக்கே பெரும்பாலும் பேசியதால், அது வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம். நிலையான தொலைபேசியைப் பெருமளவில் வைத்திருந்த பி.டி. நிறுவனத்துக்கும் இதே குறை. இரண்டும் சேர்ந்து, தொழிற்சங்கத்தையும் மாணவர் சங்கத்தையும் துணைக்கு அழைத்து, 2009இல் இந்தக் கட்டணத்தை ஒழிக்கக் கோரும் பகிரங்க இயக்கத்தைத் தொடங்கின. 2011இல் ஒழுங்குபடுத்துநரான ஆஃப்கொம், நிமிடத்துக்கு 4 பென்ஸுக்கு மேல் இருந்த கட்டணத்தைப் படிப்படியாக 0.69 பென்ஸுக்கு இறக்கும் முடிவை எடுத்தது. நிறுவனங்கள் அரசை அணுகிப் பேசுவது எப்போதும் பொதுமக்களுக்குக் கேடு என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். அங்கே சிறிய நிறுவனத்தின் இலாபமும் வாடிக்கையாளரின் நன்மையும் ஒரே திசையில் நின்றன. அப்படியொரு சிறிய நிறுவனம் சந்தையில் இருந்ததால்தான் மறுபக்க வாதம் ஒழுங்குபடுத்துநரின் காதில் விழுந்தது. அந்த த்ரீ நிறுவனமே 2025 மே மாத முடிவில் வொடபோனுடன் இணைந்துவிட்டது என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

கனடாவுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கடையில் அதிகம் விசாரிக்கப்படும் நாடுகளில் அதுவும் ஒன்று. இங்கிருந்து கனடாவுக்குப் பேசுவது மலிவு. ஆனால் அங்கே வாழும் நம்மவர் மாதந்தோறும் கட்டும் கைத்தொலைபேசிக் கட்டணம், வளர்ந்த நாடுகளுக்குள் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாகப் பல ஆண்டுகள் இருந்துவந்தது. இந்த முரணின் ஒரு பகுதிக்கு விளக்கம் எளிது. வட அமெரிக்காவில் கைத்தொலைபேசிக்கு வரும் அழைப்பின் செலவு பெறுபவருடைய பொதியிலிருந்தே கழிந்துவந்தது. அனுப்பும் நிறுவனத்திடம் பெருங்கூலி கேட்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. எஞ்சிய பகுதிக்கு, பெல், ரொஜர்ஸ், டெலஸ் என்ற மூன்று நிறுவனங்களைப் பார்க்க வேண்டும். 2012இல் கனடிய அரசு, சந்தையில் 10 சதவீதத்துக்குக் குறைவான பங்குடைய நிறுவனங்களை வெளிநாட்டவர் வாங்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது. 2013இன் கோடையில் அமெரிக்காவின் வெரைசன் அந்த வாசல் வழியாக உள்ளே வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், மூன்று நிறுவனங்களும் தம் பகையை ஒதுக்கிவைத்து ஒன்றுசேர்ந்தன. செய்தித்தாள்களிலும் வானொலியிலும் விளம்பரங்கள் வந்தன. கனடியத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பும் நாட்டின் நலனும் ஆபத்தில் இருப்பதாக அவை முழங்கின. அரசும் தன் பணத்தில் எதிர் விளம்பரம் செய்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் வெரைசன் தனக்குக் கனடாவில் ஆர்வமில்லை என்று அறிவித்துவிட்டது. அந்தப் பிரசாரம்தான் வெரைசனைத் திருப்பியனுப்பியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றையொன்று முந்த வேண்டிய மூன்று நிறுவனங்கள், நான்காவது வருவதைத் தடுப்பதற்கு அவ்வளவு எளிதாகக் கைகோத்தன என்பதே போதுமான பாடம். பத்து ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில் ரொஜர்ஸ் ஷோ நிறுவனத்தையும் விழுங்கியது. ஷோவிடம் இருந்த ஃபிரீடம் என்ற மலிவு விலைச் சேவையைக் கியூபெக் மாகாண நிறுவனம் ஒன்றுக்குக் கைமாற்ற வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் எஞ்சியது.

பிரான்சில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கேயும் மூன்று நிறுவனங்கள்தான் இருந்தன. அவை தமக்குள் தகவல் பரிமாறிக்கொண்டு சந்தையைப் பங்கிட்டுக்கொண்டன என்று கண்ட போட்டிப் பேரவை, 2005இல் மூன்றுக்கும் சேர்த்து 53 கோடி 40 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. நான்காவது உரிமத்தை வழங்கவே கூடாது என்று அவை பல ஆண்டுகள் வாதாடின. அதையும் மீறி 2009 டிசம்பரில் ஃபிரீ என்ற நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது. 2012 ஜனவரி 10ஆம் திகதி, மாதம் 2 யூரோவுக்கு ஒரு பொதியோடும், அளவற்ற பேச்சுக்கு 19.99 யூரோ என்ற இன்னொரு பொதியோடும் அது கடை திறந்தது. அதுவரை விலையைக் குறைத்தால் தொழிலே சரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய நிறுவனங்கள், தத்தமது மலிவு விலைப் பெயர்களின் கீழ் ஏறக்குறைய அதே விலைக்கு இறங்கிவந்தன. பாரிஸின் லா சப்பலிலும் அதன் புறநகரான லா கூர்நேவிலும் வாழும் நம் உறவினர்களின் கைத்தொலைபேசிச் செலவும் அதோடு இறங்கியது.

ஆனால் இங்கிருந்து பிரான்சின் கைத்தொலைபேசிக்கு அழைப்பது ஏன் இன்னும் அவ்வளவு மலிவாகவில்லை? ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் முடிப்புக் கட்டணத்துக்கு ஒரே உச்ச வரம்பு விதித்து, கைத்தொலைபேசிக்கு அதை 2024இல் நிமிடத்துக்கு 0.2 யூரோ சதம் வரை இறக்கியது. அந்த வரம்பு ஐரோப்பாவுக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கே உரியது. வெளிநாடு ஒன்று தன் கட்டணத்தையும் அதே அளவுக்கு இறக்கினால் மட்டுமே அந்நாட்டு அழைப்புக்கும் அது பொருந்தும். நம் நாடு உள்வரும் வெளிநாட்டு அழைப்புகளின் மீது 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் வரியும் அறவிடுகிறது. வெளிநாட்டுப் பணம் வரும் வழி என்று நாம் அந்தக் கதவில் காவல் நிறுத்தினோம்; அவர்களும் தம் கதவில் நிறுத்தினார்கள். அதன் சுமை முழுவதையும் தாங்கியவர்கள், இரு பக்கமும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் பெற்றோரும்தான்.

ஒரு மாலை நேரம் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒரு தாய் கடைக்காரரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, மகன்ட நம்பருக்கு வட்ஸ்அப் கோல் போகுதில்ல. டேட்டா போட்டும் போகுதில்ல." இன்னொரு டேட்டா பொதியை விற்றுவிட அதைவிடச் சுலபமான தருணம் வராது. கடைக்காரர் விற்கவில்லை. "ராத்தா, டேட்டா போட்டாலும் போகாது. டுபாய்ல வட்ஸ்அப் கோலை மூடித்தான் வெச்சிருக்காங்க. மகன் எந்த அப் பாவிக்கிறாருன்னு மெசேஜ் ஒண்டு போட்டுக் கேளுங்க. காச வீணாக்காதீங்க," என்று சொல்லி, அவருடைய கைத்தொலைபேசியை வாங்கிக் குரல்பதிவு அனுப்பும் முறையையும் காட்டிக்கொடுத்தார்.

அமீரகத்தின் இந்தத் தடைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. அங்கே 2007இல் டூ நிறுவனம் வரும்வரை எதிசலாத் தனியாட்சி நடத்தியது. இரண்டிலும் அரசு சார்ந்த பங்குதாரர்களின் கையே ஓங்கியிருக்கிறது. இணையவழிக் குரல் அழைப்புக்கு உரிமம் பெற்ற செயலிகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன; பல ஆண்டுகள் அவற்றுக்கும் மாதச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. விதியை எழுதுபவரும் விற்பனையில் பங்குடையவரும் ஒருவரே என்றால், நிறுவனம் யாரையும் அணுகிப் பரிந்து பேச வேண்டிய தேவையே இல்லை. கட்டடம் கட்டவும் வீட்டுவேலை செய்யவும் போன நம் மாவட்டத்துப் பிள்ளைகள், தம் சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்குப் பேசுவதற்கே செலவிட்டது இந்த ஏற்பாட்டினால்தான். பலகையில் அமீரகத்துக்கு எதிரே இருக்கும் பெரிய எண்ணை எப்போது பார்த்தாலும் எனக்கு ஆத்திரமே வருகிறது.

சுவிற்சர்லாந்துக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15ஆம் திகதி முதல் நாடு விட்டு நாடு சென்றாலும் வீட்டுக் கட்டணத்திலேயே பேசலாம் என்றானது. சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லாததால் அங்குள்ள நம்மவர்கள் எல்லையைக் கடக்கும்போது இந்தச் சட்டம் அவர்களைக் காக்காது. இலங்கைக்கோ அது யாருக்கும் பொருந்தாது; ஆகவே அங்கிருந்து விடுமுறைக்கு உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருபவர்கள் முதல் வேலையாக இந்தக் கடையில் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி நம் வீட்டுக் கதை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1989இல் செல்ரெல் தொடங்கிய சேவை தெற்காசியாவின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை. இந்தியாவில் முதல் கைத்தொலைபேசி அழைப்பு 1995 ஜூலையில்தான் நடந்தது. 1995இல் டயலொக் வந்தபோது இலங்கையில் நான்கு கைத்தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. வெளிநாட்டு அழைப்பில் மட்டும் போட்டி இல்லை. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொமின் 35 சதவீதப் பங்கை வாங்கியபோது, 2002 ஓகஸ்ட் வரை வெளிநாட்டு அழைப்புகள் டெலிகொமுக்கே உரியவை என்ற உறுதியும் அந்த ஏற்பாட்டோடு வந்தது. பங்கை விற்ற அரசுக்கு அதனால் நல்ல விலை கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஆண்டுகள் எவை என்பதை நாம் மறந்துவிட முடியாது. போர் நடந்த ஆண்டுகள் அவை. வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். இத்தகைய கண்ணாடிக் கூண்டுகளுக்குள் நின்று, மேலே ஓடும் சிவப்பு இலக்கங்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு வைத்தவர்கள், கொழும்பில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையின் விலையைத் தம் சட்டைப்பையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நுழைவாயில் உரிமம், அதாவது வெளிநாட்டு அழைப்புகளைத் தாமே கையாளும் உரிமம், வழங்கப்பட்டதும் விலை எவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதை அப்போது இந்தத் தொழிலில் இருந்த எந்தக் கடைக்காரரும் சொல்வார். கம்பியும் கடலும் அதே கம்பியும் கடலும்தான்; விற்பவர்களின் எண்ணிக்கை மட்டுமே மாறியிருந்தது.

2009 ஜனவரியில் எயார்டெல் ஐந்தாவது நிறுவனமாக இலங்கையில் சேவையைத் தொடங்கியதும் உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் கடும் விலைப்போர் மூண்டது. சந்தையில் முதலிடத்தில் இருந்த டயலொக்கே அந்த ஆண்டு பெரும் நட்டம் காட்டியது. வாடிக்கையாளருக்கு அது பொற்காலம்; உலகிலேயே மிகக் குறைந்த கட்டணம் இருந்த நாடுகளில் ஒன்றாக நம் நாடு எண்ணப்பட்டது. 2010இல் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு தலையிட்டு, எந்த நிறுவனமும் இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று குறைந்தபட்ச விலையை விதித்தது. விலைப்போர் நீடித்தால் நிறுவனங்கள் வீழ்ந்துவிடும், புதிய முதலீடு வராது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஒழுங்குபடுத்துநர் உச்ச விலையை விதித்து மக்களைக் காப்பதற்கும், குறைந்தபட்ச விலையை விதித்து விற்பவரைக் காப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. புதிதாக வருபவரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் விலைதான். அதைப் பறித்துவிட்டால், ஏற்கெனவே கோபுரங்களும் வாடிக்கையாளர்களும் நிறைந்தவர் தம் இடத்தில் அசையாமல் இருப்பார். சிறியவர் மெல்ல மெல்லக் களைத்துப்போவார்.

அடுத்து நடந்தவற்றைப் பார்த்தால் அந்தக் களைப்பு தெரிகிறது. செல்ரெல் பெயர் மாறி டிகோவாகி, பின்னர் எதிசலாத் ஆகி, 2018 நவம்பரில் ஹட்ச் நிறுவனத்துக்குள் கரைந்தது. எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்குடன் இணைக்கப்பட்டு, அதன் தாய் நிறுவனமான பார்தி எயார்டெல் டயலொக்கில் சுமார் 10 சதவீதப் பங்கைப் பெற்றுக்கொண்டது. ஐந்து நிறுவனங்கள் இருந்த இடத்தில் இன்று டயலொக், எஸ்.எல்.டி. மொபிட்டெல், ஹட்ச் என்ற மூன்றுதான். மொபிட்டெலின் தாய் நிறுவனமான டெலிகொமில் 49.5 சதவீதத்தை அரசே வைத்திருக்கிறது. ஆணைக்குழுவும் அரசின் அமைப்பு. இதற்கு மேல் வரிகள். 2022இல் தொலைத்தொடர்பு வரி 11.25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டவர் நூறு ரூபாய்க்குப் பேச முடியாமல் போவதன் காரணத்தைக் கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்காக எழுதிக் காட்டுகிறார். முதியவர்கள் பலர் கடைக்காரரே இடையில் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துவிடுவதால், அந்தக் கணக்கு அவருக்கு ஒரு தற்காப்பும்கூட.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி இந்தியாவில் 2011 ஜனவரியிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. இலங்கையில் அது ஆண்டுக்கணக்காகப் பேச்சாகவே இழுபட்டது. வெளிநாட்டில் உள்ள உறவுகள், வங்கி, மருத்துவமனை என்று எல்லோரிடமும் ஒரே எண்ணைக் கொடுத்துவைத்திருக்கும் ஒருவர், பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக எளிதில் மாறிவிட முடியாது. மூன்று நிறுவனங்கள் மட்டுமே உள்ள சந்தையில் இந்தத் தாமதம் சிறிய விடயம் அல்ல.

இந்தியாவைப் பற்றி எப்போதும் ஒரு மயக்கம் நம்மிடம் உண்டு. சிதம்பரத்துக்கோ திருச்சிக்கோ போய் வருபவர்கள் அங்கே டேட்டா கிடைக்கும் விலையைச் சொல்லி வியப்பார்கள். 2016 செப்டெம்பரில் ஜியோ இலவசக் குரல் அழைப்போடு வந்தபோது தொடங்கிய மலிவு அது. அங்கேயும் சண்டை முடிப்புக் கட்டணத்தில்தான் நடந்தது. நிமிடத்துக்கு 14 பைசாவாக இருந்ததை 2017 ஒக்டோபரில் 6 பைசாவாகக் குறைத்தபோது பழைய நிறுவனங்கள் கொதித்தெழுந்தன, ஜியோ மகிழ்ந்தது, 2021 ஜனவரி முதல் அது பூச்சியமானது. அந்தப் போரில் தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் உட்படப் பல நிறுவனங்கள் காணாமற்போயின. எஞ்சிய மூன்று தனியார் நிறுவனங்களும் 2024 ஜூலையில் ஒன்றன்பின் ஒன்றாக விலையை உயர்த்தின. அங்கே குறைந்தபட்ச விலை இல்லை, இங்கே இருந்தது; ஆனாலும் இரு நாடுகளிலும் விற்பவர்களின் எண்ணிக்கை சுருங்கியது. ஆகவே குறைந்தபட்ச விலையை மட்டுமே குற்றம் சொல்லி நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். அலைக்கற்றையின் விலை, உரிமக் கட்டணம், நிறுவனங்களின் இணைப்புகளுக்கு அனுமதி வழங்கும்போது விதிக்கப்படும் நிபந்தனைகள் ஆகியவையும் சேர்ந்துதான் யார் மிஞ்சுவார் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த நிபந்தனைகள் எழுதப்படும் அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை அறிய, அமெரிக்காவில் 1995இல் ஒரு வெளிப்படுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. எந்த நிறுவனம் எந்தெந்த மசோதாக்களுக்காகப் பரிந்து பேசியது, அதற்கு மொத்தமாக எவ்வளவு செலவு செய்தது என்பதை அங்கே யாரும் எடுத்துப் பார்க்கலாம். பிரித்தானியாவில் கட்சிகளுக்கு வழங்கப்படும் பெரிய நன்கொடைகள் தேர்தல் ஆணைக்குழுவின் பதிவேட்டில் ஏறுகின்றன. ஈழத்தமிழர் ஒருவர் தொடங்கிய லைக்காமொபைல், கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்தது அப்படித்தான் வெளியே தெரிந்தது. பதிவேடு இருப்பதால் செல்வாக்கு மறைந்துவிடுவதில்லை. ஆயினும் கேள்வி கேட்பதற்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கிறது. நம் நாட்டில் அத்தகைய பதிவேடு இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, டயலொக் எயார்டெல் இணைப்புக்கு ஆணைக்குழு விதித்த நிபந்தனைகள் எவை, குறைந்தபட்ச விலைக்கு எந்த நிறுவனம் எழுத்தில் என்ன கருத்துச் சமர்ப்பித்தது என்று பொதுமக்களில் எவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, கடையின் சேவையைப் பற்றிய தீர்ப்பு. முதலில் நிறை. என்னுடைய தாயாரின் எண்ணிலிருந்து நாள்தோறும் சிறு தொகை காணாமற்போய்க்கொண்டிருந்தது. சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருந்து காத்திருந்து பேசியும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இந்தக் கடைக்காரர் கைத்தொலைபேசியை வாங்கி மெனுவுக்குள் சென்று, அம்மா கேட்காமலே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சோதிடச் செய்திச் சேவையைக் கண்டுபிடித்து நிறுத்தினார். அதற்குப் பணம் வாங்க மறுத்தார். கடையின் முகப்புப் பலகையை ஒரு நிறுவனம் தன் நிறத்தில் இலவசமாகவே அடித்துக் கொடுத்திருக்கிறது, ஆயினும் அந்த நிறுவனத்தின் பொதி ஒருவருக்குப் பொருந்தாதபோது மற்ற நிறுவனத்தின் பொதியைச் சொல்ல அவர் தயங்குவதில்லை. மேலே உள்ள பெரிய அறைகளில் இல்லாத நேர்மை ஒரு சிறிய கடையில் இருப்பதைக் கண்டு நான் நெகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

குறைகளும் உண்டு. மாலையில் கூட்டம் அதிகம். ஒருவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. வெருகலுக்கும் மூதூருக்கும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். பலகையில் உள்ள கட்டணங்கள் எந்தத் திகதியில் எழுதப்பட்டவை என்ற குறிப்பு இல்லை, ஆகவே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, பொதி போட்டதற்கு எழுத்தில் எந்தச் சீட்டும் தருவதில்லை. நிறுவனம் சொன்ன நிமிடங்கள் கணக்கில் ஏறாதபோது ஆணைக்குழுவிடம் முறையிட வேண்டுமானால், திகதியும் தொகையும் பொதியின் பெயரும் உள்ள ஒரு சிறு சீட்டு வாடிக்கையாளரின் கையில் இருக்க வேண்டும். இதை அவரிடம் நேரிலும் சொன்னேன். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று அடிப்பிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

போகிறவர்கள் காலை வேளையில் போவது நல்லது. புதிய சிம் எடுப்பவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு செல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் பேசப் பொதி கேட்பவர்கள், அழைக்க வேண்டிய எண்ணை முழுமையாக ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். நாட்டின் குறியீட்டுக்கு அடுத்து வரும் இலக்கங்களைப் பார்த்து, அது நிலையான தொலைபேசியா கைத்தொலைபேசியா என்று அவர் சொல்லிவிடுவார்; எந்தப் பொதியை வாங்குவது என்பதை அதன் பிறகு முடிவு செய்தால் போதும்.